பங்கரை மூடச் சொன்ன கூட்டாளி

ஒக்டோபர் 21ஆம் திகதி, கமிஷ்லி நகர வீதிகளால் அமெரிக்க இராணுவ வாகனங்கள் வரிசையாக ஈராக் பக்கம் போய்க்கொண்டிருந்தன. வீதிக்கரையில் நின்ற சனம் உருளைக்கிழங்கால் எறிந்தது. கல்லும் இல்லை, குண்டும் இல்லை. கையில் அகப்பட்ட உருளைக்கிழங்கு. வடகிழக்குச் சிரியாவில் அமெரிக்காவைக் கூட்டாளி என்று நம்பியிருந்த ஊர் அது. அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த நேரம் இங்க எங்களுக்கு ஜனாதிபதித் தேர்தல் சத்தம் காதை அடைச்சுக்கொண்டிருந்தது. எண்டாலும் அந்தக் கிழமை என்னுடைய முகநூலில் குர்தியர் பற்றிய தமிழ்ப் பதிவுகள் நிறையவே ஓடின.

பதிவுகள் ரெண்டு வகை. ஒண்டு, "அமெரிக்காவை நம்பினால் இதுதான் கதி" எண்ட வகை. மற்றது, "ஏகாதிபத்தியம் மூட்டை கட்டுது, இதுக்கு ஏன் அழுகிறியள்?" எண்ட வகை. முதலாவது வகையை எழுதினவர்கள் கொஞ்சம் சந்தோசத்தோடுதான் எழுதின மாதிரி எனக்குப் பட்டது. ஏமாந்தவனைப் பார்த்து "நான் அப்பவே சொன்னனான்" என்று சொல்லுறதில ஒரு சுகம் இருக்குத்தானே. இரண்டாவது வகையினர் வரைபடத்தைத் திறந்து பார்க்காமல் எழுதினவர்கள்.

இரண்டு தரப்பும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன: அமெரிக்கப் படை சிரியாவில் நிற்க வேண்டுமா, போக வேண்டுமா? வாஷிங்டனில் அப்போது நடந்த விவாதமும் இதே கேள்வியைச் சுற்றித்தான். எனக்கு இந்தக் கேள்வியே பிழையான இடத்தில் நிற்பதாகப் படுகிறது. எந்த வெளிநாட்டுப் படையும் ஒருநாள் போகத்தான் வேணும். போக முதல் என்ன செய்துபோட்டுப் போனார்கள் என்பதைத்தான் நான் கேட்க நினைக்கிறேன். அதை விளங்கிக்கொள்ள 2019 ஓகஸ்ட் மாதத்துக்குப் போகவேணும். அதுக்கு முதல் கொஞ்சம் பின்கதை.

2012 யூலையில், உள்நாட்டுப் போர் முற்றிக்கொண்டிருந்த நேரம், அசாத்தின் படைகள் வடக்குச் சிரியாவின் குர்திஷ் ஊர்கள் பலவற்றிலிருந்து பின்வாங்கின. அந்த இடைவெளிக்குள் பிவைடி என்ற கட்சியும் அதன் ஆயுத அமைப்பான வைபிஜியும் அஃப்ரின், கொபானி, ஜசீரா என்ற மூன்று துண்டு நிலங்களில் தங்கள் நிருவாகத்தை அமைத்தன. ரொஜாவா என்று நாங்கள் கேள்விப்பட்டது இதைத்தான். தலைமைப் பதவிகளில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து இருப்பது, பெண்களுக்கென்று தனிப் படை, குர்திஷ், அரபு, சிரியாக் என்று மூன்று மொழிக்கும் இடம். கேட்க நல்லாயிருக்கும். நடைமுறையில் எவ்வளவு, எழுத்தில் எவ்வளவு என்பதைப் பிறகு பார்ப்போம்.

2014 செப்டெம்பரில் ஐஎஸ் கொபானியைச் சுற்றி வளைத்தது. அதற்கு மூன்று மாதம் முன்னர்தான் ஈராக்கின் மொசூல் நகரம் ஐஎஸ்ஸிடம் விழுந்திருந்தது. கொபானி துருக்கி எல்லையோடு ஒட்டிய ஊர். எல்லைக்கு அந்தப் பக்கம் துருக்கியின் டாங்கிகள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தன. அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டன. ஒக்டோபரில் வானத்திலிருந்து ஆயுதங்களையும் இறக்கின. 2015 ஜனவரிக் கடைசியில் ஊர் மீண்டது, ஆனால் ஊர் என்று சொல்ல அங்கே பெரிதாகக் கட்டடம் மிஞ்சவில்லை. அமெரிக்காவுக்கு ஒரு விசயம் அங்கேதான் விளங்கியது. ஐஎஸ்ஸோடு தரையில் நின்று சண்டை பிடிக்கத் தன் பிள்ளைகளை அனுப்பத் தேவையில்லை.

அதே வருசம் ஒக்டோபரில் அரபு, சிரியாக் குழுக்களையும் சேர்த்துக்கொண்டு சிரிய ஜனநாயகப் படைகள் என்ற கூட்டணி உருவானது. முதுகெலும்பு வைபிஜிதான். 2017 ஒக்டோபரில் ரக்காவைப் பிடித்தது இந்தப் படை. 2019 மார்ச்சில் ஐஎஸ்ஸின் கடைசித் துண்டு நிலமான பாகூஸைப் பிடித்ததும் இதுதான். தங்கள் பக்கத்தில் 11,000 பேர் இறந்ததாக அவர்கள் சொன்னார்கள். சிரியாவில் சண்டையில் இறந்த அமெரிக்கர்களை விரல்விட்டு எண்ணலாம்.

இவ்வளவுக்கும் இரு தரப்புக்கும் இடையில் இவர்களுடைய அரசியல் எதிர்காலம் பற்றி ஒரு துண்டு ஒப்பந்தமும் இல்லை. 2017 மே மாதம் அமெரிக்க வெளியுறவுத் திணைக்கள அதிகாரி ஜொனதன் கோஹன், இந்த உறவு தற்காலிகமானது, கொடுக்கல் வாங்கல் சார்ந்தது, தந்திரோபாயமானது என்று பகிரங்கமாகவே சொன்னார். 2018 டிசம்பரில், முழுப் படையையும் எடுக்கப்போகிறேன் என்று ட்ரம்ப் திடீரென அறிவித்தார். அதோடு அவருடைய பாதுகாப்புச் செயலாளர் ஜேம்ஸ் மற்றிஸ் பதவி விலகினார். ஆக, எச்சரிக்கை மணி அடிக்கவில்லை என்று சொல்லவும் ஏலாது.

"அப்ப குர்தியர் ஏன் கவனமா இருக்கேல்லை?" எண்டு நீங்கள் கேக்கலாம். கவனமாகத்தான் இருந்தார்கள். எல்லையோரம் முழுக்கச் சுரங்கம் வெட்டினார்கள், பங்கர் கட்டினார்கள், காவலரண் போட்டார்கள். 2018 தொடக்கத்தில் அஃப்ரினில் என்ன நடந்தது என்று பார்த்தவர்கள் அவர்கள். அங்கே ரஷ்யா தன் ஆட்களை விலக்கி வான்வெளியை விட்டுக்கொடுக்க, துருக்கி இரண்டு மாதத்தில் நகரத்தைப் பிடித்தது. அமெரிக்கா, அது எங்கட பகுதி இல்லை என்று சொல்லி விலகி நின்றது. அந்தப் பாடத்தைப் படித்துத்தான் மண்ணைத் தோண்டினார்கள்.

இப்ப ஓகஸ்ட். துருக்கி எல்லையில் படையைக் குவித்து, எந்த நேரமும் உள்ளே வருவேன் என்று மிரட்டிக்கொண்டிருந்தது. அமெரிக்கா இடையில் நின்று ஓகஸ்ட் 7ஆம் திகதி அங்காராவில் துருக்கியோடு ஒரு "பாதுகாப்புப் பொறிமுறை"க்கு உடன்பட்டது. (பொறிமுறை என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்குக் கொட்டாவி வரும், தெரியும். ஜெனீவாவில் இருந்து பத்து வருசமாக் கேட்டுக் கேட்டு அப்படி ஆகிப்போச்சு. கொஞ்சம் பொறுங்கோ.) துருக்கியின் பயத்தைப் போக்குவதற்காக சிரிய ஜனநாயகப் படைகள் எல்லையிலிருந்து கனரக ஆயுதங்களைப் பின்னுக்கு எடுக்கவேணும், வைபிஜி போராளிகள் விலகி உள்ளூர் ஆட்களிடம் காவலைக் கொடுக்கவேணும், காவலரண்களை இடிக்கவேணும். அமெரிக்காவும் துருக்கியும் சேர்ந்து ரோந்து போகும். பதிலுக்குத் துருக்கி தாக்காது. இதுதான் பேச்சு.

சிரிய ஜனநாயகப் படைகள் சொன்னதைச் செய்தன. ஓகஸ்ட் மூன்றாம் கிழமை காவலரண்களை இடிக்கத் தொடங்கினார்கள். இடிக்கப்பட்டதை அமெரிக்க இராணுவமே பெருமையோடு அறிவித்தது. செப்டெம்பர் 8ஆம் திகதி அமெரிக்க, துருக்கி வாகனங்கள் தல் அப்யாத் பக்கம் முதலாவது கூட்டு ரோந்து போயின. எந்தப் பக்கம் என்ன இருக்கு, எது இல்லை என்பதைத் துருக்கிய இராணுவம் அமெரிக்காவின் வாகனத்துக்குப் பக்கத்தில் ஓடியபடி பார்த்துக்கொண்டது.

பங்கர் என்றால் என்னவென்று தெரிந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். அதை வெட்ட எத்தனை நாள், மூட எவ்வளவு நேரம் என்று உங்கட அம்மாவைக் கேளுங்கோ. ஒருத்தன் தன்னுடைய பங்கரைத் தானே மூடுகிறான் என்றால் அவன் எதிரியை நம்பி மூடுவதில்லை. நடுவில் நிற்கிறவனை நம்பித்தான் மூடுகிறான்.

நடுவில் நின்றவர் இரண்டு மாதம்கூடத் தாக்குப் பிடிக்கவில்லை. ஒக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை, ட்ரம்பும் எர்டோகனும் தொலைபேசியில் கதைத்தார்கள். அன்றிரவே வெள்ளை மாளிகை ஒரு அறிக்கை விட்டது. துருக்கி விரைவில் வடக்குச் சிரியாவுக்குள் நுழையும், அமெரிக்கப் படை அதற்கு ஆதரவளிக்காது, அதில் பங்கெடுக்காது, அந்தப் பக்கத்தில் நிற்கவும் மாட்டாது. அடுத்தநாள் தல் அப்யாத், ராஸ் அல்-ஐன் பக்கக் காவல் நிலைகளிலிருந்து சின்னதொரு தொகை அமெரிக்கச் சிப்பாய்கள் விலக்கப்பட்டார்கள். ட்ரம்பே சொன்ன கணக்கு 50 பேர். ஒக்டோபர் 9ஆம் திகதி துருக்கியின் விமானங்கள் வந்தன. பின்னால் தரைப்படையும், துருக்கி சம்பளம் கொடுத்து வைத்திருந்த சிரிய ஆயுதக் குழுக்களும். நுழைந்த இடம் அதே தல் அப்யாத், ராஸ் அல்-ஐன்.

அந்த 50 பேர் ஒரு நேட்டோ இராணுவத்தைத் தடுக்கக்கூடிய ஆட்களா? இல்லை. அவர்களில் ஒருத்தர் துருக்கியின் குண்டில் செத்தால் என்ன நடக்கும் என்ற யோசனைதான் துருக்கியைத் தடுத்துவைத்திருந்தது. செலவு என்று பார்த்தால் உலகத்திலேயே மலிவான பாதுகாப்பு அதுதான். சிரியா முழுவதிலும் அப்போது நின்ற அமெரிக்கப் படையே ஏறத்தாழ 1,000 பேர்தான். "முடிவில்லாத போர்" என்று ட்ரம்ப் சொன்னது இதைத்தான்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. ஐ.நா. கணக்கின்படி இரண்டு கிழமைக்குள் ஏறத்தாழ 1,80,000 பேர் இடம்பெயர்ந்தார்கள், அதில் 80,000 வரை சிறுபிள்ளைகள். ராஸ் அல்-ஐனுக்குப் பக்கத்தில் உள்ள அலூக் நீரேற்று நிலையம் சண்டையில் பழுதாக, ஹசக்கா பக்கம் நாலு இலட்சம் சனத்துக்குத் தண்ணீர் நின்றது. ஐன் இஸ்ஸா முகாமில் தடுத்துவைக்கப்பட்டிருந்த ஐஎஸ் குடும்பங்களைச் சேர்ந்தவர்களில் 785 பேர் தப்பி ஓடிவிட்டதாகக் குர்திஷ் நிருவாகம் சொன்னது. காவலுக்கு நின்றவர்கள் சண்டைக்குப் போனால் யார் காவல் நிற்பது?

ஒக்டோபர் 12ஆம் திகதி எம்4 நெடுஞ்சாலையில் ஹெவ்ரின் கலஃப் கொல்லப்பட்டார். எதிர்கால சிரியா கட்சி என்ற சிறிய கட்சியின் செயலாளர் நாயகம். படித்தது சிவில் எஞ்சினியரிங். அரபு ஊர்களுக்குப் போய் அங்குள்ள தலைவர்களோடு இருந்து கதைத்து, குர்தியரும் அரபுகளும் ஒரே நிருவாகத்துக்குள் இருக்கலாம் என்று நம்பவைக்கிறது அவருடைய வேலை. வாகனத்தை மறித்து, இறக்கிச் சுட்டார்கள். செய்தது துருக்கி ஆதரவுக் குழுக்களில் ஒன்றான அஹ்ரார் அல்-ஷர்கியா. வீதியில் வேறு ஆட்களைச் சுட்டதைத் தாங்களே வீடியோ எடுத்தும் பரப்பினார்கள். நான் இந்தச் செய்திகளை வாசித்த நாட்களில் மனதில் நின்றது இவருடைய முகம்தான். இப்படியான ஒரு பெண்ணை உருவாக்க ஒரு சமூகத்துக்கு எத்தனை வருசம் எடுக்கும்!

ஒக்டோபர் 13ஆம் திகதி, ரஷ்யா நடுவில் நிற்க, குர்தியர் டமாஸ்கஸோடு ஒரு உடன்பாட்டுக்குப் போனார்கள். சமரசமா இனவழிப்பா என்று வந்தால் எங்கள் மக்கள் உயிரோடிருப்பதைத்தான் தெரிவோம் என்ற கருத்தில் தளபதி மஸ்லூம் அப்தி அந்த நேரம் ஒரு கட்டுரை எழுதினார். இரண்டு நாளில் மன்பிஜில் அமெரிக்கர் விட்டுப்போன முகாமுக்குள் ரஷ்யர்கள் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 22ஆம் திகதி சோச்சியில் புட்டினும் எர்டோகனும் இருந்து மிச்ச எல்லையைப் பங்கு பிரித்தார்கள். குர்தியப் போராளிகள் எல்லையிலிருந்து 30 கிலோமீற்றர் பின்னுக்குப் போகவேணும், தவணை 150 மணித்தியாலம். அந்த அறையில் ஒரு குர்தியரும் இல்லை.

இனி விவாதத்துக்கு வருவம். ட்ரம்பின் வாதங்களில் ஒன்று, குர்தியர் இரண்டாம் உலகப் போரில் நோர்மண்டியில் எங்களுக்கு உதவிசெய்யவில்லை என்பது. இதுக்குப் பதில் எழுதி உங்கட நேரத்தை வீணாக்க விருப்பமில்லை. ஆனால் இன்னொரு வாதத்தைக் கவனமாகப் பார்க்கவேணும். அமெரிக்கப் பிள்ளைகள் ஏன் மத்திய கிழக்கில் சாகவேணும், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்கிறார். நியாயமான பேச்சு. உண்மையாக இருந்தால். துருக்கி உள்ளே நுழைந்து இரண்டாவது நாள், ஒக்டோபர் 11ஆம் திகதி, சவூதி அரேபியாவுக்கு மேலதிகப் படையினர் ஏறத்தாழ 1,800 பேரை அனுப்புவதாக அறிவித்தார்கள். மாதக் கடைசியில், சிரியாவின் கிழக்கே டெயிர் எஸ்-சோர் எண்ணெய்க் கிணறுகளைக் காக்கக் கவச வாகனங்களோடு படை போகும் என்றார்கள். எண்ணெயை வைத்திருப்போம் என்று ட்ரம்ப் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அப்ப வீட்டுக்குப் போனது யார்? சனம் இருந்த இடத்தைவிட்டுப் போய் எண்ணெய் இருந்த இடத்துக்கு மாறினார்கள், அவ்வளவுதான். "ஏகாதிபத்தியம் மூட்டை கட்டுது" எண்டு எழுதின தோழர்கள் இந்தப் பகுதியை இன்னும் வாசிக்கேல்லைப் போல.

இடதுசாரித் தோழர்களின் வாதத்தில் வலுவான பக்கம் ஒன்று இருக்கிறது, அதை ஒதுக்க ஏலாது. அமெரிக்கா சிரியாவுக்குள் எந்தச் சட்டத்தின் கீழ் நின்றது? அந்த நாட்டு அரசும் கூப்பிடவில்லை, பாதுகாப்புச் சபையும் அனுப்பவில்லை. குர்தியரின் பிரச்சினை டமாஸ்கஸோடு கதைத்துத் தீர்க்கவேண்டிய பிரச்சினை, வெளியாள் நிற்கும் மட்டும் அது தீராது என்கிறார்கள். நான் இதில் பாதிக்கு உடன்படுகிறேன். கடைசியில் டமாஸ்கஸோடுதான் கதைக்கவேணும். குர்தியரும் 2018 யூலையில் ஒரு தூதுக்குழுவை அங்கே அனுப்பித்தான் பார்த்தார்கள். அசாத் அரசு ஒன்றும் கொடுக்கத் தயாராக இருக்கவில்லை. ஆனால் பேரம் பேசுகிறவனுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தானே விலை. 1,000 அமெரிக்கர் நிற்கும்போது அவர்கள் போவதையே ஒரு விலையாக வைத்துக் கதைத்திருக்கலாம்: மொழிக்கு இது, உள்ளூர் நிருவாகத்துக்கு இது, போராளிகளின் நிலை இது, எழுதித் தா, நாங்கள் போகிறோம். அதைச் செய்ய ஐந்து வருசம் இருந்தது. கடைசியில் துருக்கியின் குண்டு விழுந்துகொண்டிருக்க, நாலு நாளைக்குள் கையெழுத்து வைத்தார்கள். அந்த நிலையில் எவனுக்கு என்ன கிடைக்கும்?

துருக்கியின் பக்கத்தையும் சொல்லவேணும். பிகேகே 1984இல் ஆயுதம் தூக்கியதிலிருந்து அந்தப் போரில் 40,000 பேர் வரை இறந்திருக்கிறார்கள். வைபிஜிக்கும் பிகேகேக்கும் சம்பந்தமில்லை என்று அமெரிக்க அதிகாரிகள் சொல்லித் திரிந்தது சிரிப்புக்கிடமான கதை. ரக்காவைப் பிடித்த உடனே நகரத்தின் நடுவில் ஒச்சலானின் பெரிய படத்தை விரித்தவர்கள் அவர்கள். தன் எல்லையில் அப்படியொரு படை இருப்பதை எந்த அரசும் விரும்பாது. அதோடு 2019இல் துருக்கி 36 இலட்சம் சிரிய அகதிகளை வைத்திருந்தது. ஐரோப்பா முழுதும் சேர்ந்தும் அவ்வளவு எடுக்கவில்லை. இதெல்லாம் உண்மை. ஆனால் செப்டெம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் எர்டோகன் ஒரு வரைபடத்தைத் தூக்கிக் காட்டினார். எல்லை நீளத்துக்கு 480 கிலோமீற்றர், ஆழம் 30 கிலோமீற்றர், அதற்குள் பத்து, இருபது இலட்சம் அகதிகளைக் கொண்டுபோய் இருத்துவது. அந்த அகதிகளில் பெரும்பாலானோர் அந்த ஊர்க்காரர் அல்ல. அஃப்ரினில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியேற, அவர்களின் வீடுகளில் வேறு இடத்துச் சனம் குடியிருத்தப்பட்டதை ஏற்கனவே பார்த்தாயிற்று. இன்னொரு பாவப்பட்ட சனத்தைக் கொண்டுவந்து ஒரு சனத்தின் நிலத்தில் இருத்தி, ரெண்டு பேரையும் காலத்துக்கும் மோதவிடுற வேலைக்கு என்ன பேர் என்று எங்கட ஆக்களுக்கு விளக்கத் தேவையில்லை.

குர்தியத் தரப்பைப் பற்றியும் நேராகக் கதைப்பம். நம்மட பெடியள் சிலர் துவக்கோடு நிற்கும் பெண் போராளிகளின் படத்தைப் போட்டு உருகுவதோடு நிற்பாட்டிவிடுகிறார்கள். 2015இல் வைபிஜி சில அரபுக் கிராமங்களில் வீடுகளை இடித்து ஆட்களைத் துரத்தியதை சர்வதேச மன்னிப்புச் சபை ஆவணப்படுத்தியிருக்கிறது. போட்டிக் குர்தியக் கட்சிக்காரர்களைப் பிடித்து அடைத்திருக்கிறார்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் படையில் சேர்த்திருக்கிறார்கள். அதை நிறுத்துவதாக 2019 யூனில்தான் ஜெனீவாவில் ஐ.நா.வோடு கையெழுத்து வைத்தார்கள். பிள்ளை பிடிக்கப்பட்ட வீட்டின் அமைதி எப்படியிருக்கும் என்று வன்னியில் கேட்டால் சொல்வார்கள். இதெல்லாம் தெரிந்துகொண்டும் தல் அப்யாத்தில் குண்டு விழுந்த சனத்துக்காகக் கதைக்கலாம். கதைக்கத்தான் வேணும். பாதுகாப்புக்கு உரித்துள்ளவர்கள் சுத்தமானவர்களாக இருக்கவேணும் என்று எங்கேயும் எழுதியில்லை.

குர்தியர் கைவிடப்படுவது இது முதல்தரம் இல்லை என்பது எல்லாரும் சொல்லுற கதைதான், ஆனால் அதிலும் இரண்டு விதம் இருக்கிறது. 1970களில் ஈரானின் ஷாவும் அமெரிக்காவும் முஸ்தஃபா பர்சானியின் ஈராக்கியக் குர்தியருக்கு ஆயுதம் கொடுத்தார்கள். 1975 மார்ச்சில் ஷாவும் சதாமும் அல்ஜியர்ஸில் கைகொடுத்துக்கொண்ட உடனே குழாயைப் பூட்டினார்கள். சில நாட்களில் போராட்டம் சரிந்தது. குர்தியர் வெல்வதை இவர்கள் ஒருபோதும் விரும்பவில்லை, ஈராக்கைக் களைக்கப் பண்ணினால் போதும் என்றிருந்தார்கள் என்பதைப் பிறகு அமெரிக்கக் காங்கிரஸின் பைக் குழுவே கண்டுசொன்னது. பர்சானி 1979இல் இறந்தது வாஷிங்டனில் ஒரு ஆஸ்பத்திரியில்.

மற்றது 1991. சதாமைக் கவிழ்க்க எழும்புங்கோ என்று புஷ் சொன்னார், சனம் எழும்பியது, சதாமின் ஹெலிகொப்ரர்கள் பறக்க அமெரிக்கா அனுமதித்தது. பத்து இலட்சத்துக்கும் மேல் குர்தியர் மலைகளுக்கு ஓடினார்கள். ஆனால் அந்தத் தடவை தொலைக்காட்சி பார்த்த உலகம் சத்தம் போட்டது. விமானம் பறக்கத் தடைசெய்யப்பட்ட வலயம் வந்தது, 2003 வரை 12 வருசம் இருந்தது. அந்த இடைவெளியில்தான் இன்றைய ஈராக்கியக் குர்திஸ்தானின் பாராளுமன்றமும் நிருவாகமும் எழும்பின. அவர்களுக்குள்ளும் அடிபட்டார்கள், அது வேறு கதை. கைவிடுவது விதி என்று சொல்லுகிறவர்களுக்காகத்தான் 1991ஐச் சொல்கிறேன். இந்த முறையும் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 354க்கு 60 என்ற கணக்கில் ட்ரம்பின் முடிவைக் கண்டித்தது, அவருடைய சொந்தக் கட்சிக்காரரும் சேர்ந்து. வேறு மாதிரி நடந்திருக்க ஏலும் என்பதற்கு அதுவும் சாட்சி.

எங்கட ஊரில் இதற்கு உதாரணம் தேடுகிறவர்கள் உடனே 2008 செப்டெம்பரில் கிளிநொச்சியைவிட்டு ஐ.நா. வெளிக்கிட்டதைச் சொல்கிறார்கள். போகாதேங்கோ என்று சனம் வாசலில் நின்ற படங்கள் எல்லாருக்கும் ஞாபகம். அது சரிதான். ஆனால் எனக்கு ஞாபகம் வருவது 1989 கடைசியும் 1990 தொடக்கமும். இந்திய அமைதிப்படை பின்வாங்கிக்கொண்டிருக்கேக்க, அவர்களின் ஆதரவோடு உருவாக்கப்பட்ட தமிழ்த் தேசிய இராணுவத்துக்குக் கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்ட பெடியள் இருந்தார்கள். கப்பல் போனது, பெடியள் நின்றார்கள். புலிகளின் கையில் அகப்பட்டு இறந்தவர்கள் எத்தனையோ. அவர்களை நினைவுகூர எங்களில் ஒரு தரப்பும் முன்வருவதில்லை. வெளிநாட்டுப் படையோடு சேர்ந்தவன் செத்தால் அது அவன்ர பிழை என்று நாங்களே ஒருகாலத்தில் சொன்னவர்கள்தான். கொபானிப் பெடியனைப் பார்த்து இப்ப அதையே சொல்ல முதல் கொஞ்சம் யோசிக்கலாம்.

அமெரிக்கா நிரந்தரமாக நிற்கவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஓகஸ்டில் பங்கரை இடிக்கச் சொன்ன அன்றே, இடித்த பிறகு தாக்கினால் என்ன செய்வோம் என்பதைத் துருக்கிக்கு எழுத்தில் கொடுத்திருக்கவேணும். கொடுக்க மனமில்லை என்றால் இடிக்கச் சொல்லியிருக்கக்கூடாது. போவதென்று முடிவெடுத்தால் ஆறு மாதம், ஒரு வருசம் என்று நாள் குறித்து, அதற்குள் டமாஸ்கஸோடும் மொஸ்கோவோடும் குர்தியரை மேசையில் இருத்தியிருக்கவேணும். இதிலெல்லாம் ஒரு அமெரிக்கச் சிப்பாயும் சாகத் தேவையில்லை. ஒரு டொலரும் பெரிதாகச் செலவில்லை. செய்யாததற்குக் காரணம் பலவீனம் இல்லை, அக்கறையின்மைதான்.

ஒக்டோபர் 26ஆம் திகதி இரவு இட்லிப்பில் ஐஎஸ் தலைவர் பக்தாதி அமெரிக்கரின் தாக்குதலில் இறந்தார். அவர் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கச் சிரிய ஜனநாயகப் படைகளின் உளவாளிகள் மாதக்கணக்காக வேலை செய்திருக்கிறார்கள். ஆளை உறுதிப்படுத்த அவருடைய உள்ளாடையைக்கூடத் திருடிக் கொடுத்ததாக அவர்களின் அதிகாரி ஒருவர் டுவிட்டரில் எழுதினார். தல் அப்யாத்தில் தங்கள் சனம் ஓடிக்கொண்டிருந்த நாட்களிலும் அந்த வேலை நிற்கவில்லை. அடுத்தநாள் காலை ட்ரம்ப் தொலைக்காட்சியில் நன்றி சொன்ன வரிசை: ரஷ்யா, துருக்கி, சிரியா, ஈராக், பிறகு சிரியக் குர்தியர்.

நாலு நாள் கழித்து, ஒக்டோபர் 30ஆம் திகதி, சிரியாவுக்குப் புதிய அரசியலமைப்பு எழுதவென்று ஐ.நா. கூட்டிய குழு ஜெனீவாவில் கூடியது. 150 பேர். அரசுக்கு 50, எதிர்க்கட்சிகளுக்கு 50, சிவில் சமூகத்துக்கு 50. துருக்கி விரும்பவில்லை என்பதால் வடகிழக்கின் நிருவாகத்துக்கு அதில் ஒரு கதிரையும் இருக்கவில்லை. முந்தைய ஜெனீவாப் பேச்சுகளுக்கும் அவர்களைக் கூப்பிட்டதில்லை, அந்த வருசங்களில் ரக்காவில் அவர்கள்தான் செத்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கா அதற்காக ஒருநாளும் மேசையில் தட்டியதாகக் காணவில்லை. அந்த நாட்களில் அதே அமெரிக்க வாகனங்கள் எண்ணெய்க் கிணறுகளுக்குத் திரும்பி வந்தன. அங்கே அவர்களோடு சேர்ந்து அப்போது காவல் நின்றது சிரிய ஜனநாயகப் படைகள்தான்.